மூன்று முறை எழுதியவள்

முதல் இன்டர்னலில் ஐம்பதுக்கு ஒன்பது.
தாளை நாலாக மடித்து
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன்.
தக்காளிச் சோற்றின் எண்ணெய் இறங்கி
ஒன்பது, எட்டு மாதிரி ஆகிவிட்டது.

காந்திபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர்.
பேப்பருக்கு ஆறாயிரம், ஜிஎஸ்டி தனி.
பாதி மாடிப்படி ஏறி
செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்து
திரும்பி வந்தேன்.

போனில் ஒருவர் இலவசமாக நடத்துகிறார்.
எங்கள் வீட்டில்
கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி.
அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்து
ஒரு மாதம் கால்குலஸ் படித்தேன்.
சோமனூரில் கரண்ட் போனால் தறி நிற்கும்,
கூடவே டவரும்.

துறைத்தலைவர் வகுப்புக்கு வந்து சொன்னார்:
மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு
செவ்வாய், வெள்ளி, நாலு மணி, அறை 214.
மெதுவாக என்றபோது
அவர் ஜன்னலைத்தான் பார்த்தார்.
ஜன்னலோரம் நான்.

அறை 214-ஐ நாலு தடவை கடந்தேன்.
தண்ணி குடிக்கப் போவதுபோல் இரண்டு தடவை.
போன் பேசிக்கொண்டு ஒரு தடவை,
போனில் யாருமில்லை.
நாலாவது தடவை
எப்படி நடந்தேன் என்றே தெரியவில்லை.

ஐந்தாவதில் கதவு திறந்தது.
"ஏம்புள்ள, இந்த வராண்டாவ அளக்கறதுக்குச்
சம்பளம் எத்தன தர்றாங்க?"

துளசிமணி. மூன்றாமாண்டு.
சாருக்கு ஏதோ கமிட்டி வேலையாம்.
உள்ளே அவளும்
கத்திக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேனும்.
"எனக்கும் இதே பேப்பர்தான் அரியர்.
மூணுவாட்டி எழுதியாச்சு.
வெசனப்படாம ஒக்காரு."

மூன்று முறை தோற்றவளிடம் என்ன கேட்பது?
வாய்க்கு வந்ததைக் கேட்டேன்:
"இன்டக்ரேஷன்னா என்னங்கக்கா?"

சித்த நேரம் என்னையே பார்த்தாள்.
"பள்ளிக்கூடம் தமிழ் மீடியமா?
தொகையிடல், புள்ள."

தொகையிடல்!
ப்ளஸ் டூவில் தொண்ணூற்றொன்று
வாங்கிக் கொடுத்த அதே தொகையிடல்.
பக்கத்து வீட்டுக்காரியைச் சுடிதாரில் பார்த்துவிட்டு
யாரோ என்று
இரண்டு மாதமாக ஒதுங்கிப் போயிருக்கிறேன்.
லிமிட், எல்லை.
டெரிவேடிவ், வகைக்கெழு.
டிடர்மினன்ட், அட, நம்ம அணிக்கோவை.

அதற்காக எல்லாம் புரிந்துவிடவில்லை.
பெயர் தெரிந்த பிறகும்
கணக்கு கணக்காகத்தான் இருந்தது.
ஆனால் துளசிமணிக்குப் பள்ளங்கள் தெரியும்.
"இந்த எடத்துல மைனஸ் தொலைஞ்சு போவும்.
இங்க அவசரப்படுவ.
கடைசியில சி போட மறந்துருவ, பாரு."
தான் விழுந்த வரியிலெல்லாம்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.
என் நோட்டுக்கு அம்மை போட்டிருந்தது.

மிச்சப் பாடம் பஸ்ஸில்.
நீலம்பூர் தாண்டினால் குலுக்கல்;
வர்க்கமூலக் குறியெல்லாம் வரப்பாக வளையும்.
அரசூரில் அவள் இறங்கிவிடுவாள்.
எவ்வளவு கொடுக்கட்டும் என்று கேட்டதற்கு
"ஒரு கொய்யா. மொளகாப்பொடி தூக்கலா."

ரிசல்ட் ராத்திரி வந்தது.
எனக்கு அறுபத்துமூன்று.
அப்பா ஒரு தறியை நிறுத்திவிட்டு
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.
அவள் நம்பர் எனக்கு மனப்பாடம்.
போட்டேன்.
சுற்றிக்கொண்டே இருந்தது பக்கம்.

முப்பத்தாறு.
நாலு மார்க்கில் போயிருந்தது.

என்ன முகத்தோடு போவது?
பை நிறையக் கொய்யாவோடு போனேன்,
செவ்வாய், நாலு மணி.
ஃபேனுக்குக் கீழே அதே இடத்தில் இருந்தாள்.
"அறுபத்துமூணாமா? பார்த்தேன், பார்த்தேன்.
என் நம்பருக்கு முன்னாடி
உன் நம்பரத்தான் போட்டேன்."

பென்சிலை நான் எடுத்தேன்.
"எந்த வரியிலங்கக்கா?"
கொய்யாவைக் கடித்தபடி யோசித்தாள்.
"நாலாவதுல. இது புதுப் பள்ளம், புள்ள."
புள்ளி வைத்தேன்.

வெளியே வராண்டாவில்
யாரோ இரண்டாவது தடவையாகத்
தண்ணி குடிக்கப் போகிறார்கள்.